வெட்டி நட்ட கிளை

தாவரவியல் தோட்டத்தின் வாசல் பலகையில் ‘அழியும் தாவரங்களைக் காக்கிறோம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அக்கா காணாமல் போய் மாதங்கள் ஆகின்றன. அவளைக் காக்க ஒரு நாதியில்லை. கேட்டால், “அவங்களா வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று ஒரே பல்லவி. மண்வெட்டி பிடித்து என்னைப் பட்டம் வாங்க வைத்தவள், என்னிடம் சொல்லாமல் எங்கே போவாள்?

சுற்றிப்பார்க்க வந்தவளைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

“வாங்க, வாங்க. அப்படியே அக்கா ஜாடை,” என்றார் கண்காணிப்பாளர்.

நான் யாரென்று அவரிடம் சொல்லவே இல்லை.

கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஈரச்சூடு முகத்தில் அப்பியது. மக்கிய இலை நாற்றம். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வரிசை வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே செடி. இலைக்கு இலை அச்சு அசல்.

“இந்த இனத்துல மிஞ்சினது ஒரே மரம். விதையும் கிடையாது. கிளைய வெட்டி நட்டுத்தான் காப்பாத்தினோம்.”

“அப்போ இதெல்லாம் அதோட பிள்ளைங்களா?”

“பிள்ளை இல்லம்மா.” ஓர் இலையைக் கன்னம்போல் தடவினார். “வெட்டி நட்டா வேற செடி ஆகாது. அதேதான். பழசு செத்தாலும் அதேதான்.”

“எங்க அக்கா எங்க சார்?”

“பதறாதீங்க.”

“பதறாம பாட்டா பாடுவாங்க?”

அவர் சிரித்தார். கண்ணாடி வீட்டின் கோடியில் தடித்த பிளாஸ்டிக் திரை தொங்கியது. அதன் பின்னே புகைபோல் நீர்த்தூவல். அங்கிருந்து மூச்சுச் சத்தம் வந்தது.

ஒருவருடைய மூச்சல்ல. பலர், ஒரே சீராக.

“உள்ள யாரு?”

“நாத்துங்க.”

திரை விலகியது. அக்கா வந்தாள். தலைமுடி சொட்டச் சொட்ட, காலெல்லாம் சேறு.

“வந்துட்டியா பாப்பா? வீட்டுக்குப் போலாம்.”

கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்து, பிறந்த குழந்தையின் கைபோல் மெத்தென்றிருந்தது. உள்ளங்கையில் ஒரு காய்ப்புகூட இல்லை.

வெளியே வரும்போது கண்காணிப்பாளர் என் காதருகே குனிந்தார்.

“தண்ணி மட்டும் குறையாம குடுங்க. கொஞ்ச நாளைக்கு வெயில்ல விடாதீங்க.”

வீட்டில் அம்மா அவளை உச்சிமுகர்ந்து ஓய்ந்தபின், அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போனேன்.

“அம்மா, இது அக்கா இல்ல.”

“படிச்ச திமிரா? பெத்தவளுக்குத் தெரியாதா?”

“கையப் பாரும்மா. காய்ப்பெல்லாம் எங்க போச்சு?”

“வேலையில்லாம இருந்திருப்பா, மறைஞ்சிருக்கும். உன்னப் படிக்கவச்சே தேஞ்சவ, கொஞ்ச நாள் ஓய்வா இருக்கக் கூடாதா?”

எந்தப் பட்டமும் அதற்குப் பதில் சொல்லித் தராது.

அக்கா சாப்பாட்டைத் தொடவில்லை. ஜன்னல் வெயில் படாதபடி தள்ளி நாற்காலி போட்டு, வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தண்ணீர் பாதியாகியிருந்தது. “வெக்கையா இருக்குல்ல,” என்று சொல்லி அம்மா வாளியை நிரப்பிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

அம்மா போன கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

“யாரு?”

“நான்தான் பாப்பா. கதவத் திற.”

அக்காவின் குரல். வறண்டு, கீறல் விழுந்த குரல்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியில்தான் இருந்தாள். காலிரண்டும் வாளியில். கண்கள் மூடியிருந்தன.

“பாப்பா… சீக்கிரம்… முடியலடி.”

கதவிடுக்கு வழியாக ஈர மண் வாசனை உள்ளே வந்தது. என் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

“திறக்காத,” என்றாள் உள்ளே இருந்தவள், கண்ணைத் திறக்காமலே. “அது இன்னும் வேர் பிடிக்கல.”