சாயம் ஏறாத இடம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எதிலும் ஊசி இருக்காது. காலில் முள் குத்தினால் மூன்று மணி நேரம் நொண்ட வேண்டியதுதான். எல்லா ஊசிகளும் பிள்ளைமடுவத்துக்குப் போயிருக்கும்.

பிள்ளைமடுவம் என்பது, அம்மாமார் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். எங்கள் தோட்டம் ரப்பர் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை பால் வெட்டு இல்லை. தொட்டில்களைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, பாயை விரித்துப் பெண்கள் தைக்க உட்காருவார்கள்.

அவர்கள் தைப்பது பிள்ளைப் போர்வை. தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய துணி வரும். அதைச் சதுரச் சதுரமாக வெட்டுவார்கள். அளவுக்கு ஒரு பிஸ்கட் டின் மூடி இருக்கிறது. ஏழு துண்டு சேர்ந்தால் ஒரு வரிசை. வரிசைகளை அவரவர் வீட்டிலேயே தைத்துக்கொண்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பார்கள். முப்பத்தோராம் நாள் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் போர்வையில்தான் கிடத்துவார்கள்.

அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. இறந்துபோனவர்களின் துணியில் ஒரு துண்டுகூடச் சேரக்கூடாது.

நானும் சசியும் எட்டு வயதிலிருந்து அங்கே போனோம். நூல் கோத்துக் கொடுப்போம், ஓரம் தைப்போம். பாயின் மூலையில் ஜன்னல் பக்கம் எங்கள் இடம். என் தையல் எப்போதும் கோணலாகத்தான் போகும்.

"சரோன், நீ தைக்கிறது நம்ம தோட்டத்து றோட்டு மாதிரியே இருக்கு புள்ள. பத்து வளைவு!" என்பார் கருப்பாயி அத்தை. சசி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் மூன்றாம் லயத்துக்கு மேலே மலை சரிந்தது. நான்கு வீட்டுக் காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. சசியும் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூலையில் நான் மட்டும்தான் உட்காருகிறேன். பக்கத்து இடத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்கார வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சசியின் அம்மா விஜயகலா கால் முறிந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது பழைய ஸ்டோரில் தகரம் அடித்துக் கொடுத்த அறையில் இருக்கிறார். அங்கேதான் முன்பு ரப்பர் ஷீட் அடுக்கி வைப்பார்கள். அவர் தையலுக்கு வருவதில்லை. வழியில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்.

"சசியோட மஞ்ச கவுனப் பாத்தீங்களா? அன்னைக்கு வெளிய கொடியில காயப்போட்டிருந்தேன். அது மண்ணுக்குள்ள போயிருக்காது."

"அனே, பாவம்" என்பார்கள், அவர் போன பிறகு. "மண்டை கொழம்பிப் போச்சு."

முன்பு எல்லோரும் அவரை 'சசி அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அந்தப் பெயரைச் சொல்லப் பயப்பட்டார்கள். வேறு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அதனால் யாரும் அவரைக் கூப்பிடுவதே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நானும் கூப்பிடவில்லை.

அந்த மஞ்சள் கவுனை எனக்கு நன்றாகத் தெரியும். என்னிடமும் ஒன்று இருந்தது. போன தீபாவளிக்கு அம்மாவும் சசி அம்மாவும் அவிசாவளையில் ஒரே துணியை வாங்கி இருவருக்கும் தைத்துத் தந்தார்கள். மஞ்சளில் குட்டிக் குட்டி வெள்ளைக் குடைகள். நாங்கள் வேதக்காரர்கள். ஆனாலும் தீபாவளியன்று நான் அதைப் போட்டுக்கொண்டு சசி வீட்டில் முறுக்குத் தின்றேன். கிறிஸ்மஸுக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கேக்கில் பாதியைத் தின்பதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு முன்பே மலை சரிந்துவிட்டது.

மல்லிகா அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவரும் வீடு இழந்தவர்தான், ஸ்டோரில்தான் இருக்கிறார். தகரத்துக்குக் கீழே இரவெல்லாம் குளிர். "இந்தப் போர்வை சீக்கிரம் முடியணும்" என்று கருப்பாயி அத்தை அவசரப்படுத்தினார்.

எல்லா வீட்டிலும் துணி கேட்கும் நிலைமை அப்போது இல்லை. நிவாரணமாக வந்த துணி மூட்டைகள் பிள்ளைமடுவத்தில் கிடந்தன. அவற்றிலிருந்து வெட்டினார்கள். கறை போகாத துணிகளை அம்மா அரக்குச் சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தார். கறை மறைந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசைகளை இணைத்துக்கொண்டிருந்தோம். அம்மா தைத்த வரிசை என் மடியில் இருந்தது. ஏழு துண்டும் அரக்கு நிறம். மூன்றாவது துண்டில் விரலுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ரப்பர் பால் சிந்திக் காய்ந்த கறை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் நகத்தால் உரிக்காமல் இருக்க முடியாது. நானும் உரித்தேன்.

பால் தோலாகக் கழன்று வந்தது. அதன் கீழே சாயம் ஏறவில்லை. மஞ்சள் தெரிந்தது. மஞ்சளில் பாதிக் குடை.

துண்டை இன்னும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தேன்.

அந்தக் கறை எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். நானும் சசியும் பந்து செய்ய, மரப்பட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் பிய்க்கப் போனோம். மரத்தில் கட்டியிருந்த சிரட்டை சாய்ந்து, பால் அவள் கவுனில் கொட்டியது. "அம்மா கொல்லப்போறாங்க!" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அவளுக்கு அடி விழும்போதும் சிரிப்பு வரும்.

"என்ன புள்ள, ஊசி குத்திருச்சா?" கருப்பாயி அத்தை கேட்டார்.

"இல்ல அத்தை." நான் அந்தத் துண்டை முழங்காலால் மறைத்தேன். "தையல் கோணலாப் போச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சுத் தைக்கிறேன்."

"அதானே பாத்தேன்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். என் தையல் ஒரு நாளாவது எனக்கு உதவியது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார்.

"மண்ணுல கெடந்து எடுத்த துணியும் அந்த மூட்டையிலயா இருந்துச்சு? ஒரே சேத்து நெறம். நான் விரிச்சுக்கூடப் பாக்கலடி. ஏழு துண்டும் அதுதான். என் கையால வெட்டிட்டேனே!"

"அவங்க தேடிக்கிட்டே இருக்காங்கம்மா."

"தெரியும். அதுவும் பிள்ளைப் போர்வையில வச்சுத் தைச்சிருக்கேன். மல்லிகா கேட்டா என்ன நெனப்பா? கவுனத் தேடுறவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் கவுனைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்.

"சரோன், இத அவங்ககிட்டக் குடுப்போம். ஒரே துணி, ஒரே அளவு. மூட்டையில கெடச்சுதுன்னு சொல்லுவோம். கறை எங்கன்னு கேட்டா, துவைச்சதுல போயிருச்சுன்னு சொல்லு."

"அது பொய்ம்மா."

"பொய்தான். அந்த வெட்டுன துண்டுங்கள நீட்டுறதவிட இது நல்லது. அவங்க சந்தோசப்படுவாங்க."

பள்ளிக்கூடத்தில் அன்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அம்மா சொன்னது தப்பு என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. என் கவுன் முழுசாக இருக்கிறது, மஞ்சளாக இருக்கிறது. சசியின் கவுன் இப்போது கவுனே இல்லை. விஜயகலா எதைப் பார்த்தால் குறைவாக அழுவார்?

பிறகு யோசித்தேன். அவர் என் கவுனை முகத்தில் வைத்து மோந்து பார்ப்பார். அதில் எங்கள் வீட்டுச் சவர்க்காரம்தான் மணக்கும். அது சசி என்று நினைத்து அதைக் கட்டிக்கொண்டு தூங்குவார். நான் எதிரே வரும்போதெல்லாம் அவருக்குச் சந்தோசமாக இருக்கும். எனக்கு? உண்மையான கவுன் எங்கள் பெட்டிக்குள் ஒளிந்து கிடக்கும்.

அதை என்னால் தாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விறகு பொறுக்கப் போயிருந்தார். பையிலிருந்து என் கவுனை எடுத்துப் பாயில் விரித்தேன். பிஸ்கட் டின் மூடியை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் துண்டை வெட்டும்போது அழுதுகொண்டேதான் வெட்டினேன். எனக்கு அது ரொம்பப் பிடித்த கவுன்.

ஐந்தாவது துண்டை வெட்டும்போது அம்மா வாசலில் நின்றார். தலையில் இருந்த விறகுக் கட்டு தொப்பென்று விழுந்தது.

"என்னடி பண்ற நீ? பைத்தியமா?" அம்மா கையை ஓங்கினார்.

"போர்வையில ஒரு வரிசை கொறையுதும்மா. சசி துணி அதுல இருக்கக் கூடாதுல்ல? என் துணி இருக்கலாம். நான் உசிரோடதானே இருக்கேன்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு மிச்சமிருந்த இரண்டு துண்டுகளையும் அவரே வெட்டினார். என்னைவிட நேராக.

"கொடைய எடு. நானும் வாறேன்" என்றார்.

ஸ்டோருக்கு மழையில் நடந்தோம். வழியெல்லாம் காலில் அட்டை ஏறியது.

விஜயகலா கம்பை ஊன்றி வந்து கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் வழக்கமான கேள்வி. "மஞ்ச கவுனப் பாத்தீங்களா?"

"பாத்தோம்" என்றேன்.

நான் பாயில், தையல் பிரித்த ஏழு அரக்குத் துண்டுகளையும் வரிசையாக வைத்தேன். பால் உரித்த துண்டை நடுவில் வைத்தேன். அவர் கீழே உட்கார்ந்து, அந்த மஞ்சள் இடத்தைப் பெருவிரலால் தொட்டார். பாதிக் குடை. விரலை எடுக்கவே இல்லை.

"யாரு வெட்டினது?"

"நான்தான் விஜயா" என்றார் அம்மா. "சாயம் போட்டதும் நான்தான். சேத்துத் துணின்னு நெனச்சுட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுக்க."

விஜயகலா அழுதார். மண்சரிவுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்ததில்லை. தேடித்தான் பார்த்திருக்கிறேன். அம்மாவும் அழுதார். நானும்.

"எல்லாரும் எனக்குப் பைத்தியம்னாங்க" என்றார் கடைசியில். "கவுன் கொடியில இருந்துச்சு. இருந்துச்சுல்ல, சரோன்?"

"இருந்துச்சு, சசி அம்மா."

வாய் தவறித்தான் சொன்னேன். அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். ஆனால் சசி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்லிகா அக்காவின் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். மழை நிற்கவில்லை. சர்க்கரைப் பொங்கல்கூட ஈர விறகில் புகை மணத்தது. அம்மா நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் போர்வையை விரித்தார். நடுவில் பளிச்சென்று மஞ்சள் வரிசை. மல்லிகா அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, குழந்தையை அதன்மேல் கிடத்தினார். அது உடனே ஒரு குடையை நனைத்துவிட்டது.

பெயர் வைத்து முடிந்ததும் பாயை விரித்தார்கள். அடுத்த போர்வைக்கு வேலை இருந்தது. அப்போது வாசலில் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது.

சசி அம்மா நின்றார். உள்ளே வரவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எப்படிக் கூப்பிடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. கருப்பாயி அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சசி அம்மா, ஏன் அங்கயே நிக்கிற? வா. எனக்குக் கண்ணு தெரியல. இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு."

அவர் உள்ளே வந்தார். ஊசியை வாங்கி, நூலை உதட்டில் ஈரமாக்கி, ஒரே தடவையில் கோத்தார். பிறகு குழந்தையின் கீழே இருந்த மஞ்சள் வரிசையைக் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு கோணலா யாரு தைச்சது?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் வரப்பார்த்தது, நான் கண்டேன்.

நான் என் ஊசிப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, ஜன்னல் பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தேன். சசி அம்மா காலை மெதுவாக நீட்டி அங்கே உட்கார்ந்தார்.