கணு இல்லாத இலை

சன்னலைப் பார்க்க வைத்திருந்த இலை, காலையில் கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பெருக்கும்போது துடைப்பம் இடித்திருக்கும் என்று நினைத்து, சங்கவி தொட்டியை மறுபடி வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்தாள். திருப்பிய பிறகுதான் நினைவு வந்தது. இன்றைக்கு அவள் இன்னும் பெருக்கவே இல்லை.

உள்ளங்கை அளவு தொட்டி, அதில் குத்தி நிறுத்திய மாதிரி ஒரே ஓர் இலை. செருப்புத் தோல் போலத் தடிமனாக, இதய வடிவில் இருக்கும். ஹோயா என்று பெயர். இரும்பை ஊர்க் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு நர்சரியில் அவள் புருஷன் மணிமாறன் ஆசையாக வாங்கித் தந்தது. இது ஜல்தியில் வளராது, பொறுமையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விற்ற பெண் சொன்னாள். பொறுமைக்கு என் பெண்டாட்டியை விட்டால் ஆளில்லை என்று அவன் சிரித்தான். அதற்குப் பதினோராம் நாள், திண்டிவனம் மேம்பாலத்தில் ஒரு வேன் அவன் பைக்கை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்தெருவில், வாடகை வீட்டின் முன்னறையில் மணிமாறன் படுத்திருக்கிறான். கண் திறந்திருக்கிறது, பார்வை எதன் மேலும் நிற்பதில்லை. ஊட்டினால் விழுங்குகிறான். ஒரு விரல் தானாக அசைந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே வரலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு விரலுக்காகத்தான் சங்கவி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். இலை துளிர்த்தால் அவனும் எழுந்துவிடுவான் என்று மனசு தானாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். வேறு எதைப் பிடித்துக்கொள்வாள்?

அதனால் இலைக்கு ராஜ உபசாரம் நடந்தது. நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். வேருக்கு இடம் நெருக்கமாக இருந்தால்தான் பிடிக்குமாம், பெரிய தொட்டிக்கு மாற்றக்கூடாது. போனில் பார்த்து எல்லாவற்றையும் செய்தாள். கடலையெண்ணெய் ஆட்டிய மல்லாட்டைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை மட்டும் எடுத்து, அதில் பத்துப் பங்கு நீர் கலந்து ஊற்றினாள். ஈரத்துணியால் இலையைத் துடைத்த கையோடு அவன் பாதங்களையும் துடைத்தாள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான். வாடவில்லை, வளரவும் இல்லை.

போன வாரம் மோட்டார் போட இறங்கி வந்த வீட்டுக்காரர் பச்சைமுத்து, தொட்டியை எட்டிப் பார்த்தார். கண்டமங்கலத்தில் இன்னமும் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்திருப்பவர். காம்பைச் சுற்றி மண்ணைச் சுண்டுவிரலால் விலக்கிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாம்மா இது, வெறும் இலைய ஒடிச்சி சொருகிக் குடுத்துக்கிறான். கணுவே இல்லியே. கணு இல்லாத கரும்ப நட்டா மொளைக்குமா? இது சாவாது, வருசக்கணக்கா பச்சையாவே கெடக்கும். ஆனா துளிர்க்காது."

சொல்லி முடித்த பிறகுதான் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. மோட்டாரைப் போடாமலே மாடியேறிப் போய்விட்டார். அன்று சங்கவிக்குச் சோறு இறங்கவில்லை. இலையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. துளிர்க்காத இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று, நேற்று தொட்டியைச் சன்னல் திட்டிலிருந்து எடுத்து, அவன் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு வைத்தாள்.

மறுநாளும் இலை கட்டிலைப் பார்த்துத்தான் இருந்தது. அதற்கடுத்த நாளும். அவள் திருப்புவதை விட்டுவிட்டாள். அறையில் புதிதாக ஒரு வாசனை வந்திருந்தது. வெல்லம் காய்ச்சும் கொப்பரையும் கசங்கிய பழைய பூவும் கலந்த மாதிரி இனித்து, தொண்டையில் வந்து ஒட்டியது. ஜங்ஷன் அறிவிப்புகள் ஓய்ந்த மத்தியான நேரங்களில் போர்வைக்குள் யாரோ நகத்தால் மெல்ல வருடுவது போல ஒரு சத்தம், இருக்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டும்போது நின்று, கவனம் விலகியதும் தொடங்கியது.

வியாழக்கிழமை கொடி வந்தது.

தொட்டியின் விளிம்பில், நூல் கனத்தில், ஓர் இலைகூட இல்லாத மொட்டைக் கொடி. ஹோயா முதலில் இப்படித்தான் வெறுங்கொடியை விட்டுப் பிடிமானம் தேடும், அதை வெட்டிவிடக் கூடாது என்று அவள் படித்திருந்தாள். பச்சைமுத்துவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. கண் பட்டுவிடும் என்று காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை, பிசியோதெரபி செய்யும் கலைப்பிரியா வழக்கம்போலத் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்தாள். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இங்க வாங்க. வெரலப் பாருங்க. நா தொடவே இல்லக்கா, அவரே மடக்கிக்கினு இருக்காரு."

போர்வைக்கு வெளியே தெரிந்த வலது காலின் பெருவிரல் மடங்கியது. நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். எண்ணெய் தேய்ப்பது மறந்தே போனது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள் சங்கவி. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மேகம் கவிந்து மின்சாரம் போனது. பாதம் துடைக்க உட்கார்ந்தவளின் முழங்கை ஸ்டூலில் பட்டு, தொட்டி கீழே விழுந்தது. மண்ணோடு சிதறிய இலையை எடுத்தாள். காம்பு அழுகியிருந்தது. வேர் இல்லை. கொடியும் இல்லை.

கொடி ஸ்டூலின் மேல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை போர்வைக்குள் போயிருந்தது.

போர்வையை விலக்கினாள்.

வலது காலின் எலும்பு முட்டும் இடத்தில் தோல் பச்சை பாரித்து, கரும்பில் முளை விடும் பரு போலப் பிளந்திருந்தது. கொடி அங்கிருந்துதான் கிளம்பியிருந்தது. இடது காலிலும் ஒரு பரு. அது இன்னும் வெடிக்கவில்லை.

கணுக்கால். பிறந்ததிலிருந்து சொல்லிவந்த வார்த்தை அவள் வாயிலேயே நின்றது.

கட்டுத் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக் கொடியை நறுக்கினாள். வெள்ளைப் பால் வடிந்தது. மணிமாறனின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஏழு மாதத்தில் அவள் கேட்ட முதல் சத்தம். கத்தரிக்கோல் கை நழுவி எங்கோ விழுந்தது.

"வலிக்குதாங்க?" என்றாள். "மன்னிச்சுக்குங்க. இனிமே தொட மாட்டேன்."

பாதம் அசைந்தது. இரண்டு பாதமும். முழங்கால் மெல்ல மடங்கியது. எதனால் அசைந்தால் என்ன, அசைகிறானே என்று அந்தப் பாழும் மனசு மறுபடி துள்ளியது. அப்போதுதான் கவனித்தாள். விரல்கள் பத்தும் சன்னலை நோக்கிச் சாய்ந்திருந்தன.

சன்னலின் இடது கதவைச் சாத்தினாள். பாதங்கள் வலது கதவின் பக்கம் திரும்பின. அதையும் சாத்தினாள். வாசல் பக்கம் திரும்பின.

வாசலைச் சாத்தினாள்.

இருட்டு. வருடும் சத்தம் நின்றது. பழையபடி அசைவில்லாத மூச்சு மட்டும். தரையில் மண்டியிட்டுக் கத்தரிக்கோலைத் துழாவினாள். மண். உடைந்த தொட்டியின் ஓடு. கிடைக்கவில்லை. போனை எடுத்து டார்ச்சைப் போட்டாள்.

கட்டில் கிறீச்சிட்டது.

முதலில் பாதங்கள். பிறகு முழங்கால்கள். இடுப்பு. தலையணையை விட்டு ஏழு மாதமாக எழாத தலை மெதுவாக நிமிர்ந்து, அவள் பக்கம் திரும்பியது. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த வெளிச்சத்துக்கு நேராக நின்றன. உதடுகள் பிரிந்தன. பற்களுக்கு நடுவே சுருண்டிருந்த ஓர் இளந்துளிர் நீண்டு விரிந்தது.

டார்ச்சை அணைத்தால் போதும். அவன் பழையபடி சாய்ந்துவிடுவான். பழையபடி கிடப்பான், வருசக்கணக்காக.

சங்கவியின் விரல் திரையின் மேல் நின்றது. அவள் அணைக்கவில்லை. கட்டிலைவிட்டு ஒரு கால் இறங்கித் தரையைத் தொட்டது.