சூடு ஆறாத என்ஜின்

எட்டு மாதமாக யாரும் தொடாத வண்டி என்றுதான் பட்லர் மாதையன் சொல்லியிருந்தான். ஆனால் வேடியப்பன் வழக்கம்போல முதல் வேலையாகப் புறங்கையை என்ஜின் மேல் வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கி வைத்துச் சற்று நேரமான சட்டியின் சூடு. மார்கழிக் குளிரில் நெடுந்தூரம் நடந்து வந்ததில் தன் விரல்கள்தான் மரத்துப்போயிருக்கின்றன, அதனால் எதைத் தொட்டாலும் சூடாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, ஷெட்டின் கல் சுவரைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாய்ச் சில்லிட்டது. இரும்புத் தூணைத் தொட்டான். அதுவும் அப்படியே. மறுபடி என்ஜினைத் தொட்டான். இந்தத் தடவை முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டது.

"ஏனுங்க பட்லரே, இன்னைக்கு யாராச்சும் ஸ்டார்ட் பண்ணுனாங்களா?"

"இல்லீங்க."

"சூடா இருக்குதுங்களே."

மாதையன் ஷெட்டுக்குள் வரவில்லை. வெள்ளைக் கோட்டின் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே மூடுபனியில் நின்றான். "பாக்கறதுக்கு வந்தீங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. பேச்செல்லாம் எதுக்குங்க?"

சேலத்தில் வெங்கடாசலத்தின் பஸ் ஷெட்டில் வேடியப்பன் பதினான்கு வருஷமாக என்ஜின் பழுது பார்க்கிற பிட்டர். பழைய வண்டி வாங்குகிற எவரும் அவனைக் கூட்டிப் போகாமல் வாங்குவதில்லை. கேடு பிடித்த என்ஜின் குளிரில் கிளம்பாது. அதை மறைக்க, ஆள் வருமுன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் கை வைத்துப் பார்ப்பது. கருங்காடு எஸ்டேட்டில் செத்துப்போன துரையின் பந்தய மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறது, சீமையில் பந்தயத்துக்கென்றே செய்தது, ஐந்நூறு சி.சி. என்று கேள்விப்பட்டதும் வெங்கடாசலத்துக்குத் தூக்கம் போய்விட்டது. "நீ பாத்து நல்லா இருக்குதுன்னா அப்பிடியே ஓட்டிக்கிட்டு வந்துரு" என்று காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்கு ஏற்றி அனுப்பினார்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தலைச்சோலைப் பக்கம் நடந்து வந்த வழியெல்லாம் அறுவடைக் காலத்துச் சத்தம் இருந்தது. பழம் பறிக்கிற பெண்களின் பேச்சு, கூடைகள் உரசுகிற ஓசை, பழத்தோல் உரிக்கிற பல்ப்பர் இயந்திரத்திலிருந்து வருகிற புளித்த வாடை. கருங்காட்டு எல்லைக் கல்லைத் தாண்டியதும் எல்லாம் நின்றுவிட்டது. எஸ்டேட் சாலையின் இரு பக்கமும் காப்பிச் செடிகளில் பழம் பறிக்காமலே கறுத்துச் சுருங்கித் தொங்கியது. உள்ளே தள்ளி இருந்த செடிகளிலோ ஒரு பழம் இல்லை, சுத்தமாகப் பறித்திருந்தார்கள். சாலையை ஒட்டிய செடிகளை மட்டும் ஒருவரும் நெருங்கவில்லை. வழி கேட்ட இடத்தில் ஒரு கிழவர், வண்டி பார்க்க வந்ததாக அவன் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

இப்போது மணி நான்கு இருக்கும். தகரக் கூரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. வேடியப்பன் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தான். நூல் பிடித்தாற்போல இருந்தன. செயினில் தொய்வில்லை. பல் சக்கரத்தில் தேய்வில்லை. கால் வைக்கும் கட்டைகளிலோ சைலன்சரிலோ ஒரு கீறல் கூட இல்லை. எப்போதாவது சாய்ந்து விழுந்த வண்டி அங்கேதான் காயப்பட்டிருக்கும். இது விழுந்ததே இல்லை.

ஆனால் முன் சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில், ஹேண்டில் பாருக்குக் கீழே, கறுப்புப் பெயிண்ட் முடி இழை போல வெடித்திருந்தது. நகத்தால் சுரண்டினான். அதற்கு அடியில் இன்னொரு பூச்சு, அதிலும் வெடிப்பு. அதற்கும் அடியில் மூன்றாவது. இரும்பு வளைந்து, நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, மறுபடி வளைந்திருக்கிறது. மூன்று தரம். மரத்திலோ பாறையிலோ மோதியிருந்தால் சக்கரமே நெளிந்திருக்கும், ஆளும் விழுந்திருப்பான். இது நேராகப் போய், பிரேக் பிடிக்காமல், மெத்தென்ற எதன்மேலோ மோதிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது.

"எதும் மேலயாவது மோதியிருக்குதுங்களா?"

"துரை நல்லா ஓட்டுவாருங்க. கீழ வுழுந்ததே கெடையாது."

"வுழுந்துதான்னு நான் கேக்கலீங்க."

மாதையன் ஓர் அடி பின்னால் போனான். மூடுபனியில் அவன் முகம் இருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டான். ஓசையில்லாமல் சுற்றி, ஒரு இடத்தில் லேசாகப் பிடித்தது. எங்கேயோ நூலோ சணலோ சிக்கியிருக்கிறது. அச்சுக்கும் போர்க்குக்கும் இடையே திருப்புளியை விட்டு நெம்பி இழுத்தான். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முழ நீளம், அதற்கும் மேலே. கறுத்த தலைமயிர், அதோடு பின்னிக்கொண்டு நரைத்த மயிர், இரண்டிலும் சேராத மெல்லிய செம்பட்டை மயிர். தேங்காய் எண்ணெய் வாசனை போகவில்லை. காலையில் சீவி முடிந்த தலை போல வாசமடித்தது.

திருப்புளியை உதறினான். மயிர் அதை விடவில்லை. திருப்புளியையே தரையில் போட்டுவிட்டான்.

இந்த வண்டி வேண்டாம். அது தீர்ந்துவிட்டது. ஆனால் வெங்கடாசலத்திடம் போய் என்ன சொல்வது? சக்கரத்தில் மயிர் இருந்தது என்றால் சிரிப்பார். நாளைக்கே அவரே மலையேறி வந்து இதன்மேல் உட்காருவார். இரும்பும் எண்ணெயும் சேர்ந்த ஒரு காரணம் வேண்டும். என்ஜினில் கம்ப்ரஷன் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் தொட மாட்டார்கள். பதினான்கு வருஷத்தில் வேடியப்பன் வாங்குபவரிடம் பொய் சொன்னதில்லை. கிக்கரை ஒரு தரம் மெதுவாக அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். காலுக்கு எதிர்ப்புக் கொடுக்காமல் இறங்கினால் என்ஜின் போச்சு. இறங்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். பெட்ரோல் நெடியே இல்லை. ஒரு குச்சியை விட்டு எடுத்தான். காய்ந்த குச்சி காய்ந்தே வந்தது.

"பெட்ரோல் ஒரு சொட்டு இல்லீங்க."

"அதுக்கு வேண்டாங்க," என்றான் மாதையன். பிறகு திரும்பி நடந்து, பங்களாவின் இரும்புக் கேட்டை அகலத் திறந்து, அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

அப்போதே போயிருக்க வேண்டும். பெட்ரோல் இல்லாத வண்டி என்ன செய்துவிடும் என்ற எண்ணம்தான் அவனை நிறுத்தியது. வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். சீட்டும் சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்து போன இடத்தின் சூடு. கிக்கரில் கால் வைத்து, மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினான்.

பாதி கூட இறங்கவில்லை.

என்ஜின் வெடித்துக் கிளம்பியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. கியர் கட்டை காலுக்கடியில் தானாக ஒரு தட்டுத் தட்டி இறங்க, வண்டி அவனை உலுக்கி எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியது. தாண்டும்போது இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் மாதையனின் முகத்தைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான் மாதையன்.

சாலை கீழே இறங்கியது. சில்வர் ஓக் மரங்கள் பனியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து காதோரம் விர்ரென்று கடந்தன. ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பி மூடினான், சத்தம் ஏறியது. பிரேக்கை மிதித்தான், மண்ணில் கால் வைத்தாற்போல அழுந்தியது, ஒன்றும் நடக்கவில்லை. கையை நீட்டிப் பெட்ரோல் குழாயை அடைத்தான். ஓடியது. குனிந்து பிளக் வயரைப் பிடுங்கினான். ஷாக் அடிக்கவில்லை. வயர் அவன் முழங்காலில் அடித்துக்கொண்டு ஆடியது. என்ஜின் ஓடியது.

லைன் வீடுகள் வந்தன. கூலிக்காரர்களின் தகரக் கூரை வீடுகள், ஒரே வரிசையாக இருபது. வாசல்களில் அடுப்புப் புகை. சத்தம் கேட்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. ஒன்று. அடுத்தது. அடுத்தது. அவனுக்கு முன்னாலேயே வரிசையாகத் தாழ்ப்பாள்கள் விழுந்தன. ஒரு ஆள் கூடக் கத்தவில்லை. பழகிப்போனவர்கள் சாத்துகிற மாதிரி சாத்தினார்கள்.

லைன் முடிகிற இடத்தில், பனிக்குள், சாலை நடுவே ஒருத்தி.

தலையில் விறகுக் கட்டு. பிந்தி வருகிறவள். சத்தத்தைக் கேட்டு நின்றவள் ஓடவில்லை, ஓடத் தெரியாதவள் போல நின்றாள். ஹேண்டில் பார் அவன் கைக்குள்ளேயே அவளை நோக்கித் திரும்பியது. அவன் மறுபக்கம் இழுத்தான். அது வலுவாக, நிதானமாக, பெரிய ஆள் ஒருவனின் மணிக்கட்டுப் போல அவன் கையை எதிர்த்தது. என்ஜின் சத்தம் மாறியது. ஆசையோடு.

"ஓடு ஆத்தா! ஓடு!"

அவள் ஓடவில்லை.

வேடியப்பன் ஹேண்டில் பாரை விட்டான். அதை இழுத்து ஜெயிக்க முடியாது. உடம்பு மொத்தத்தையும் ஒரு பக்கமாக வீசி எறிந்தான், முழங்காலால் டாங்கைக் கவ்விப் பிடித்தபடியே. ஒருநாளும் விழாத வண்டி விழுந்தது. தீப்பொறி பறக்கச் சாலையைச் சீவிக்கொண்டு போய் அவளுக்கு நாலடி தள்ளி மண்மேட்டில் முட்டியது. அவன் வடிகாலில் உருண்டான். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

விறகுக் கட்டு சிதறிக் கிடந்தது. அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். நடு வயதுக்காரி. கண்ணில் நன்றியில்லை. பயமும் கோபமும் இருந்தன. கொள்ளை நோய்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கடைசி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊர்ந்தான். உடைந்த கால் பின்னால் இழுபட்டது. வாசலை எட்டிக் கதவைத் தட்டினான்.

"ஆத்தா, கதவத் தொறங்க. காலு ஒடைஞ்சு போச்சுங்க."

உள்ளே மூச்சு வாங்கும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில்.

"உங்க பேரு என்னங்க?" என்றாள் அவள்.

"வேடியப்பனுங்க. சேலம். பஸ் ஷெட்டுல பிட்டரு."

"நானு முத்தாயிங்க. எம்பட உசுரக் காப்பாத்துனீங்க. செத்தாலும் மறக்க மாட்டேனுங்க. ஆனா எங்கூட்டு வாசல்ல நிக்காதீங்க. வேற பக்கம் போயிருங்க."

"நடக்க முடியலீங்க ஆத்தா."

"பழம் பறிக்க நேரமானா அந்தத் தொரை இதுல ஏறித் தொரத்துவானுங்க. வெளையாட்டுங்க அவனுக்கு. மூணு பேரு செத்தாங்க. அதுல என்ற மாமியா ஒருத்தி. கடைசீல எங்காளுக நாலு பேரு சேந்து அவன அடிச்சுக் கொன்னு பொதைச்சாங்க. ஆழமாத்தானுங்க பொதைச்சாங்க." அவள் அழுதாள். "அவனுக்குக் குறுக்க வந்து தப்பிச்சவங்க ஒருத்தரும் இல்லீங்க. உட்ட எரைக்குப் பதிலா உங்களத்தானுங்க தேடி வருவான். குழந்தைக இருக்குதுங்க உள்ள. போயிருங்க சாமி."

"கதவ மட்டும் தொறங்க..."

உள்ளே ஏதோ கனமான பொருளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அம்மியாக இருக்கலாம்.

அப்போதுதான் கவனித்தான். என்ஜின் சத்தம் நின்றிருந்தது.

சாலையில் வண்டி பக்கவாட்டில் கிடந்தது. பின் சக்கரம் ஓய்ந்து ஓய்ந்து சுற்றி நின்றது. கூரைகளிலிருந்து பனி சொட்டியது. எந்த வீட்டிலும் குழந்தை அழவில்லை. நாய் குரைக்கவில்லை. முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்து, வலியை அடக்கிக்கொண்டு, அது வெறும் இரும்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். விழுந்த வண்டி. பெட்ரோல் இல்லாத வண்டி.

ஹேண்டில் பார் அசைந்தது.

வண்டி எழுந்தது. துள்ளி எழவில்லை. விழுந்த வண்டியை ஒரு ஆள் எப்படித் தூக்குவானோ அப்படி, முதலில் ஹேண்டில், பிறகு இடுப்புக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நின்றது. சீட்டுக்கு அடியிலிருந்த இரண்டு ஸ்பிரிங்குகளும் கிறீச்சென்று ஒரு பாரத்தை வாங்கிக்கொண்டு அமுங்கின.

வெறும் சீட்டு.

கிக்கர் கீழே போனது. ஒரே மிதி.

முன் சக்கரம் அவன் இருந்த வாசலை நோக்கித் திரும்பியது. முகப்பு விளக்கு எரிந்தது. கதவுக்குப் பின்னால் முத்தாயி தன் குழந்தைகளிடம் மெதுவாக, "காத மூடிக்குங்க கண்ணு" என்றாள்.

வெளிச்சத்துக்கு மேலே, ஹேண்டிலின் இடது முனையில், கிளட்ச் லீவர் கைப்பிடியோடு ஒட்டி அழுந்தியிருந்தது. அதைப் பிடித்திருக்கும் கை இல்லை. கியர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிறகு லீவர், ஒவ்வொரு விரலாக விடுவது போல, மெதுவாகத் திரும்பி வரத் தொடங்கியது.