அனுப்பாத ஒலி

அவள் இன்னும் எந்த ஒலியையும் அனுப்பவில்லை. அதற்குள் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

ஒலி புகாத அந்தச் சின்ன அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தவர், மலைக்குப் பின்னால் இருக்கும் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தின் ஓட்டுநர். கூடத்து ஊழியர்களில் பதினான்கு பேருக்கு அன்று காலை அவளுடைய மருத்துவமனையில் காது பரிசோதனை. ஒலி கேட்டதும் அவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், அவள் மேசையில் பச்சை விளக்கு எரியும், அவள் குறித்துக்கொள்வாள். பதினாறு வருடமாக இதுதான் அவள் வேலை. அவசரப்பட்டு அழுத்துகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இவர் அழுத்திய விரலை எடுக்கவில்லை. முகம் மலை இருக்கும் பக்கமாகத் திரும்பியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, பினாயில் வாசனையும் ஏ.சி.யின் முனகலும் மட்டுமே இருந்த அந்த அமைதியில் மூன்று மூச்சு நேரம் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. பிறகு விரல் எழும்பியது. அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"நான் இன்னும் ஒண்ணும் போடலையே அண்ணா?" என்றாள் மைக்கில்.

அவர் சிரித்தார். "காது பாக்குற உங்களுக்கே கேக்கலைன்னா, நாங்க எங்கம்மா போறது?"

ஹெட்போனை மாற்றினாள். வயரைக் கழற்றித் துடைத்து மீண்டும் சொருகினாள். அடுத்து வந்தவர் ஒரு வெல்டர். அவரும் அழுத்தினார், அதே போல், விரலை எடுக்காமல். இந்தத் தடவை அவள் தற்செயலாகக் கதவுப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

வராந்தா பெஞ்சில் யாரோ சொன்ன கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அடங்கிப்போயிருந்தார்கள். எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. எல்லா வாயும் லேசாகத் திறந்திருந்தது. ஒருவர் கன்னத்தில் ஈ ஊர்ந்து உதட்டோரம் வரை வந்தது, அவர் ஓட்டவில்லை. அவர்களை அழைத்துவந்த அதிகாரி சுவரோரம் நின்றிருந்தார். அவர் கழுத்தும் திரும்பித்தான் இருந்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்று மூச்சு. பிறகு கதை சொன்னவர் பாதியில் நின்ற சொல்லிலிருந்தே தொடர்ந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

முதலில் அரை மணிக்கு ஒரு தடவை இப்படி நடந்தது, மதியத்துக்குள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. பதினான்கு தாள்களிலும் அவள் அதைக் குறித்து வைத்திருந்தாள். அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இதெல்லாம் வேண்டாம்மா. புதுத் தாள் எடுத்து, எல்லாருக்கும் இயல்புன்னு போட்டுடுங்க."

"மெஷின்ல கோளாறு இல்ல சார். நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"எங்ககிட்டயும் கோளாறு இல்ல." குரலை உயர்த்தாமல் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் எங்க எலக்ட்ரீஷியன்தானே? தங்கமான மனுஷர்."

அவள் புதுத் தாள்களை எடுத்தாள். பதினான்கு இடத்தில் 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய தாள்களை அவர் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் நர்சை மேசை முன் உட்காரவைத்து ஒலிகளை அனுப்பச் சொல்லிவிட்டு, அவளே உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மிக மெல்லிய ஒலிகூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. காதில் ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கணவன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். திரையில் நேரடி விவாதம், நாலு கட்டத்தில் நாலு முகம், நாலு வெவ்வேறு ஊர். ஒரு குண்டுகூடப் போடாமல் எதிரிப் படையை நிறுத்தும் கருவி நம்மிடம் இருக்கிறதா, இல்லையா?

"அப்படி ஒரு கருவியே கிடையாது," என்றார் அரசுத் தரப்புக்காரர்.

"கிடையாதுன்னா அவ்வளவு பெரிய வேலி எதுக்கு? இருக்குன்னா, யார்மேல சோதிச்சுப் பாத்தீங்க?" என்றார் எதிர்க்கட்சிப் பெண்மணி.

"பக்கத்து நாட்டுக்காரன் வச்சிருக்கான். நாம வெறுங்கையோட நிக்கணுமா?" என்று ஓய்வுபெற்ற தளபதி குறுக்கே பாய்ந்தார். நடத்துகிறவர் எல்லாரையும் அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

"என்னங்க," என்றாள் அவள். "அங்க என்னதான் பண்றாங்க?"

"வயர் இழுக்கறேன், பல்பு மாட்டறேன். அதுக்கு மேல பேசமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன், உனக்குத் தெரியும்ல?" என்றபடி ஜக்கை எடுத்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினான்.

டம்ளர் நிறைந்தது. அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் வழிந்து, மேசையில் பரவி, விளிம்பிலிருந்து சொட்டியது. அவன் கழுத்து திரும்பியிருந்தது. மலைப் பக்கம்.

"என்னங்க?"

தரையில் பென்சில் உருளும் சத்தம். மகளும் தலையைத் தூக்கியிருந்தாள். அந்த வேலியை ஒரு நாளும் தாண்டாத குழந்தை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பாப்பா!" ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். கட்டையைப் போல விறைத்திருந்தது உடம்பு.

மூன்று மூச்சு எண்ணினாள்.

நாலு. ஐந்து.

முடியவில்லை.

அப்போதுதான் டிவியில் சத்தம் நின்றுபோயிருப்பது உறைத்தது. நாலு கட்டத்திலும் நாலு முகங்கள் திரும்பியிருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். அவரவர் ஊரிலிருந்து அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ஓட்டிவந்தவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில். பழ வண்டிக்காரர் தராசோடு. எல்லாரும் மலையைப் பார்த்து.

பத்து. பதினொன்று.

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். தண்ணீர் சொட்டும் ஓசை. ஃபேன். தன் நெஞ்சு அடிப்பது. வேறொன்றும் இல்லை.

கணவன் தலையை ஒரு முறை ஆட்டினான். மகளும் ஆட்டினாள். திரையில் அரசுத் தரப்புக்காரர், எதிர்க்கட்சிப் பெண்மணி, தளபதி. எல்லாரும்.

"சரிங்க," என்றார்கள்.

ஒரே குரலில். வீட்டிலும், திரையிலும், தெரு முழுக்கவும். பணிவாக.

கணவன் ஜக்கை வைத்தான். எழுந்துபோய் வாசற்கதவைத் தாழிட்டான். எதிர்வீட்டில் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கு அடுத்த வீட்டில். அதற்கும் அடுத்ததில். தெருக்கோடி வரை ஒவ்வொன்றாக, அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

பிறகு மகள் அவள் பக்கம் திரும்பினாள். கணவன் திரும்பினான். நாலு கட்டத்து முகங்களும் நேராகத் திரும்பின.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.