என்ன கேட்டாலும் ஓம் குடுங்கோ

தராசில் ஒன்றும் வைக்காமலே பதினொரு கிலோ காட்டுகிறது என்று நீர்வேலியிலிருந்து கமலாவதி அக்கா போனில் கோல் எடுத்தபோது, நிரோஜாவுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து அவள் ஒரு வாய் சோறு தின்னவில்லை. கொக்குவிலில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறையில், கார்த்திகை மழை யன்னல் கம்பியில் பட்டுத் தெறித்து மேசை விளிம்பை நனைத்துக்கொண்டிருக்க, தன் மென்பொருளின் புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றுவதும், அது பாதியில் அறுந்து விழுவதும், மறுபடி ஏற்றுவதுமாகப் பொழுது போயிருந்தது.

"பிள்ளை, உம்மடை புறோகிறாமிலை ஏதோ பிழை கிடக்கு. தட்டிலை ஒரு ஈ கூட இல்லை. நிறை காட்டுது."

"தட்டைத் துடைச்சுப் பாத்தனீங்களோ அக்கா? மழைத் தண்ணி தேங்கியிருக்கும்."

"துடைச்சாச்சு. மேலை கிடந்த சாக்கும் எடுத்தாச்சு. அப்பவும் பதினொண்டுதான்."

உலகத்தில் எது பழுதானாலும் பழி புறோகிறாமுக்குத்தான். வாழைக்குலை வாங்கும் ஒரு சங்கத்துக்கு அவள் செய்து கொடுத்த மென்பொருள் அது. நீர்வேலியில் ஒரு கொட்டகை, உரும்பிராயில் ஒரு கொட்டகை. தோட்டக்காரர் குலையைக் கொண்டுவந்து தராசில் வைத்தால் நிறை வயர் வழியாகக் கணினிக்குள் போகும். அங்கிருந்து இவளுடைய திரைக்கும் வந்துசேரும். ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் ஸ்கூட்டியில் ஏறி ஓட முடியாது என்று, அவள் அதை ஒரு வலைப்பக்கத்தில் போட்டு வைத்திருந்தாள். பிறவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு பட்டனை அமத்தினால் மென்பொருள் தானே இறங்கிக் கணினியில் குடியேறிவிடும். அதன் பிறகு, திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்து, புதிய பதிப்பு வந்திருந்தால் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும்.

அந்தக் கேள்விதான் அவளுடைய தலையிடி. 'இதை ஏற்றியவர் யாரென்று தெரியவில்லை. உள்ளே விடலாமா?' ஏற்றியது இன்னார்தான் என்று காட்டும் டிஜிற்றல் கையொப்பம் காலாவதியாகி விட்டிருந்தது. புதிதாக எடுக்கக் கேட்டால், சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை "உது இப்ப என்னத்துக்கு" என்று ஒரே வரியில் கதையை முடித்தார். போங்கடா என்று அவளும் கையொப்பத்தைச் சோதிக்கும் பகுதியையே தூக்கிவிட்டாள். இனி யார் ஏற்றினாலும் அது எடுத்துக்கொள்ளும். கேள்வி மட்டும் போகவில்லை. அது வரும்போதெல்லாம் கொட்டகையிலிருந்து கோல் வரும். ஓம் என்று குடுப்பதோ, இல்லை என்று குடுப்பதோ. சமைக்கும்போது, குளிக்கும்போது, கோயில் வாசலில் நிற்கும்போது. கடைசியில் ஒருநாள், இரண்டு கொட்டகையிலும் குலை நிறுக்கும் இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள்: "என்ன கேட்டாலும் ஓம் குடுங்கோ. வாசிக்க வேண்டாம். என்னைக் கேக்கவும் வேண்டாம்."

"அக்கா, கீழை மூலையிலை வேர்சன் இலக்கம் கிடக்கும். அதை ஒருக்கால் வாசியுங்கோ."

கமலாவதி வாசித்தாள். நிரோஜா தன் திரையைப் பார்த்தாள். அவள் கடைசியாக ஏற்றியதைவிட ஒன்று கூட. காலையிலிருந்து அவள் ஏற்ற முயன்று தோற்றுக்கொண்டிருக்கும் இலக்கம் அது.

"உது எப்ப வந்தது?"

"மத்தியானம். நீர்தான் விட்டிருப்பீர் எண்டு நினைச்சன். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாக் கேட்டது, எல்லாத்துக்கும் ஓம் குடுத்தன். பிறகுதான் தராசு உப்பிடிக் காட்டத் துவங்கினது. இந்தா, இன்னும் ஒண்டு கேக்குது."

"என்ன கேக்குது?"

"பொறும், கண்ணாடியைப் போடுறன். 'உள்ளே வந்துவிட்டேன். கதவைச் சாத்தலாமா?'"

மழை இரைச்சலுக்குள் அந்த வரி சரியாகக் காதில் ஏறவே ஒரு கணம் பிடித்தது. பொறுங்கோ அக்கா என்று அவள் வாயெடுப்பதற்குள், மறுமுனையில் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. சொல்லிக்கொடுத்த பாடம். அடுத்து, தகரக் கதவு தண்டவாளத்தில் மெல்ல உருண்டு வந்து நிலையில் இடிக்கும் ஓசை. எண்ணெய் காணாத அந்தச் சில்லுகளின் கீச்சலை நிரோஜாவுக்கு நன்றாகத் தெரியும்.

"காத்துக்குச் சாத்துப்பட்டிட்டுது பிள்ளை," என்றாள் கமலாவதி. "ஒருக்கால் பாத்திட்டு வாறன்."

செருப்புச் சத்தம் போனது. திரையில் நீர்வேலியின் நிறை ஏறிக்கொண்டிருந்தது. பத்தொன்பது. முப்பத்திரண்டு. குலை என்ற கட்டத்தில் பூச்சியம். ஐம்பத்தேழு. பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வந்தது, முன்னதைவிட மெதுவாக.

"அக்கா, கதவைத் திறந்தாச்சோ?"

"ஓம்."

"பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

"ஓம்."

"ஆர்?"

"ஓம்," என்றாள் கமலாவதி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோல் அறுந்தது.

நிரோஜா எழுந்து மின்விளக்கைப் போட்டாள். பின்னேரம்தான், ஆனால் மழை முகில் அறைக்குள் இருட்டைக் கொண்டுவந்திருந்தது. எந்தக் கழிசடையோ தன் பக்கத்துக்குள் புகுந்து விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொன்னாள். கையொப்பச் சோதனையைத் தூக்கியது தன் மடத்தனம்; திருத்திவிடலாம். வலைப்பக்கத்துக்குள் போய்க் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பழையதையும் அழித்தாள், புதியதையும் அழித்தாள், மாதக்கணக்கான உழைப்பை அழித்தாள். முழுவதும் வெறுமையானபின் பிறவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

பட்டன் இருந்தது. அதன் கீழே, இன்னும் ஒன்று கூடின இலக்கம்.

மேசையில் ஓங்கிக் குத்தினாள். கை வலித்தது. அழுகை வந்தது, பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். சொந்தக் கையால் செய்த ஒன்று சொல்வழி கேளாமல் நிற்கும்போது வருமே, அந்த ஆத்திரம். ஆழ்வாப்பிள்ளைக்குக் கோல் எடுத்தாள். அவர் வீடு நீர்வேலிக் கொட்டகைக்கு அடுத்த வளவு.

"மழைக்குள்ளை என்னை என்னத்துக்கு அலைக்கழிக்கிறீர்? கமலாவதி அங்கை நிக்கிறாள்தானே."

"ஒருக்கால் எட்டிப் பாருங்கோ ஐயா. கோலை வைக்காமல் போங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு போனார். குடையில் மழை விழும் சத்தம், சேற்றில் கால் புதைந்து பிடுங்கும் சத்தம், கதவின் கீச்சல். "கமலாவதி, ஏன் பிள்ளை கதவைச் சாத்தினனீர்?" என்று அவர் கேட்பது கேட்டது. கதவு மறுபடி உருண்டது. "இது ஆர்?" என்றார் அவர், யாரிடமோ. பிறகு மழைகூடக் கேட்கவில்லை.

"ஐயா?"

"ஓம்," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

பிறந்ததிலிருந்து ஒரு விஷயத்துக்கும் ஒத்துக்கொள்ளாத மனிதர். சங்கக் கூட்டத்தில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால்கூட ஏன் என்று கேட்பவர். அவர் வாயில் அந்தச் சொல் வந்து நிரோஜா கேட்டதேயில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அப்போதுதான் உரும்பிராயில் இருக்கும் பார்த்தீபன் ஞாபகம் வந்தது.

பார்த்தீபன் அவளுடைய புருஷன். கட்டாரில் வேலைக்குப் போயிருந்தவனை, இனித் தனியாகக் கிடக்க என்னால் ஏலாது என்று அழுது கூப்பிட்டவள் அவள். உரும்பிராய்க் கொட்டகையில் குலை நிறுக்கும் வேலையை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். அவள் சொன்னால் மறு கேள்வி கேட்காமல் செய்வான். அதைச் சொல்லி ஊரே அவனைப் பகிடி பண்ணும். அவளுக்கோ உள்ளுக்குள் அது பெருமை. அவனுக்கு ஒன்று என்றால் அவள் இல்லை. ஐயாவின் கோலை வைத்துவிட்டு அவனுக்கு எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, புறோகிறாமைத் திறந்திட்டியளோ?"

"ஓம்."

நிரோஜா போனைக் காதோடு அழுத்தினாள்.

"இப்பதான் திறந்தனான். கரண்ட் நிண்டு வந்தது. ஏன், உமக்கு என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஏதும் கேட்டதோ?"

"வழமையாக் கேக்கிறதுதானே. ஓம் குடுத்தன். இப்ப வேறை ஒண்டு கேக்குது. உம்மடை பகிடியோ இது? 'தனியாகவா இருக்கிறீர்கள்?' எண்டு கிடக்கு."

"ஒண்டையும் அமத்தாதேங்கோ. வயரைப் பிடுங்கிப்போட்டு வெளியிலை வாங்கோ."

"இல்லையெண்டு குடுத்து விடட்டோ?" சிறிது நேரம் கழித்து, "நிரோ, இல்லை எண்ட பட்டனைக் காணேல்லை. ரெண்டிலையும் ஓம் எண்டுதான் கிடக்கு," என்றான். பிறகு, "தராசு என்ன உப்பிடிக் காட்டுது," என்றான்.

கோல் அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி. மறுபடி. கடைசியில் எடுத்தான்.

"வெளியிலை வந்திட்டியளோ?"

"ஓம்."

"என்னப்பா, உண்மையாவோ?"

"ஓம்."

"என்ரை பேர் என்ன?" என்று கத்தினாள். "சொல்லுங்கோ. நான் ஆர்?"

"ஓம்."

மழை அங்கி போடாமலே ஸ்கூட்டியை எடுத்தாள். ஹெல்மெற் மறந்துபோனது. கோண்டாவிலைக் கடந்து பலாலி வீதியில் ஏறும்போது எதிரே வந்த பஸ் அவளை முழுகவார்த்துவிட்டுப் போனது. மழைநீர் கண்ணில் இறங்கி எரிந்தது. வீதியோர வளவுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, யார் வீட்டிலோ சாம்பிராணி மணத்தது, எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். மவுஸ் சொடுக்கிய சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வாசிக்க வேண்டாம் என்று சொன்னது யார். என்னைக் கேட்க வேண்டாம் என்று சொன்னது யார். உரும்பிராய்ச் சந்தி கழிந்து தோட்டத்து ஒழுங்கைக்குள் திரும்பினாள். செம்மண் குழம்பிக் கிடந்தது.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினாள். உள்ளே விளக்கில்லை. வாழைப்பாலின் துவர்ப்பு மணம், நனைந்த சாக்கு, அதற்குக் கீழே வேறொரு மணம், நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததுபோல. மூலையில் கணினித் திரையின் வெளிச்சம். அதன் முன்னால் பார்த்தீபன் இருந்தான். வலது கை மவுஸில். விரல் மட்டும் அசைந்தது. சொடுக்கு. சொடுக்கு. சொடுக்கு.

அவள் சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. விரல் நிற்கவில்லை.

"எழும்புங்கோ. வீட்டை போவம்."

"ஓம்." எழுந்தான்.

தராசு பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் எண்பத்து மூன்று. தட்டு வெறுமையாக இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். சின்னப் பிள்ளையைப்போல் பின்னாலேயே வந்தான். இழுக்க வேண்டியே இருக்கவில்லை. கதவடியில் ஒரேயொரு முறை திரும்பிப் பார்த்தாள்.

சிவப்பு எழுத்தில் பூச்சியம்.

விட்டுவிட்டது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள். முருகா என்றாள். வெளியே மழை தணிந்திருந்தது. ஸ்கூட்டியில் ஏறி, இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி, அவன் ஏறும்போது வரும் ஆட்டத்துக்காகக் கைபிடியை இறுக்கிக்கொண்டாள். தடித்த மனிதன் அவன். ஏறினால் ஸ்கூட்டி ஒரு முறை முனகித் தாழும், அவள் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஏறுங்கோ."

"ஓம்."

ஸ்கூட்டி தாழவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் இருந்தான். முகத்தில் நீர் வழிந்தது. கண் இமைக்கவில்லை. அவளுடைய இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள். ஈரச் சட்டையின் குளிர் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. ஒரு கொடியில் காயப்போட்ட துணி வந்து ஒட்டிக்கொண்டதுபோல.

"என்னப்பா," என்றாள். "என்னப்பா, நான் நிரோ."

அவன் தோளுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஒரு குரல் கேட்டது. அவள் தன் மென்பொருளுக்குள் எழுதி வைக்கும் அதே மரியாதையான, திருத்தமான தமிழ்.

"நானும் ஏறலாமா?"

"இல்லையெண்டு சொல்லுங்கோ." அவனுடைய கையைப் பிடித்து உலுக்கினாள். "இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் சொல்லுறன், இல்லையெண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றான் பார்த்தீபன்.

ஸ்கூட்டி முனகியது. பின்சில்லு செம்மண்ணுக்குள் மெல்ல, மெல்ல, பாதிவரை இறங்கியது.