இடது பக்கம், மூன்று சென்டிமீட்டர்

படிக்கட்டின் அடியில் அவள் கிடந்தாள்.

கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது... நின்றது... மறுபடி அடித்தது. திரையில் அவள் கணவனின் முகம் சிரித்தது.

நாலு தடவை அடித்து ஓய்ந்தது. நாலு தடவையும் கூப்பிட்டவர், அரை மணிக்கு முன்னால் அவளை மேல் படியிலிருந்து தள்ளிவிட்ட அதே ஆள்தான்.

அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று, நர்ஸின் காதில் விழும்படி, “ஏன் எடுக்க மாட்டேங்கறா?” என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மூளைக் கட்டி, முதுகுத் தண்டுக் கட்டி, மண்டையோட்டின் அடியில் ஒளிந்திருக்கும் கட்டி... எல்லாவற்றையும் எடுக்கும் குழுவுக்குத் தலைவர் அவர். ஆஸ்பத்திரி முழுக்க அவரைச் சீஃப் என்றுதான் சொல்லும்.

மனைவி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரை விட்டுப் போகக் கிளம்பினாள். சீஃபை விட்டு யாரும் அப்படிக் கிளம்பியதில்லை. நோயாளிகள்கூட அவர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குப் போக முடியும்.

போலீஸ் அவரைச் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படும்?

அந்தத் திங்கட்கிழமை அவருக்கு ஒரு நோயாளியின் மண்டையோட்டின் அடியில் இருந்த கட்டியை எடுக்கும் ஆபரேஷன். அதற்கு இரண்டு சர்ஜன்கள் வேண்டும். முதலில் ஈ.என்.டி. சர்ஜன் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, எலும்பைக் குடைந்து வழி போடுவார். அதற்கே இரண்டு மணி நேரம் ஆகும். வழி போட்ட பிறகுதான் சீஃப் உள்ளே வருவார். ஆனால் தியேட்டர் போர்டில் பதினோரு மணியிலிருந்தே இரண்டு பேர் பெயரும் இருக்கும்.

நடுவில் தன் அறையில் உட்கார்ந்து ஸ்கேன் பார்த்ததாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார். கை கொடுத்து, வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

சீஃப் சொன்ன கதையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது.

மூளையைத் திறந்து மூடத் தெரிந்த அந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது!

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டது அவருடைய டிரைவர். எட்டு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவர். முதலாளி போலீஸிடம் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டார். அப்படி ஒரு மனிதர்.

புதன்கிழமை காரில் போகும்போது, இன்ஸ்பெக்டர் தன்னை வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருப்பதாக டிரைவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சும்மா ஒரு வாக்குமூலமாம்.

பின் சீட்டில் சீஃப் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் டிரைவர் வலிப்பு வந்து வெட்டி இழுத்துக் கீழே விழுந்தார். உடனே ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் இடது பக்கம், முன்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதை ஒட்டினாற்போல மூளையில் பேச்சு இருக்கும் இடம்.

சீஃப் அந்த ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார்.

டேபிளில் ஆள் செத்தால் விசாரணை வரும், கமிட்டி வரும். பேச்சு போனால்? அனுதாபம்தான் வரும். அந்த இடத்தை எடுத்துவிட்டால் வாய் மட்டுமில்லை, எழுத்தும் போய்விடும். ‘பேச்சு பாதிக்கப்படலாம்’ என்று சம்மதப் பத்திரத்திலேயே அச்சடித்திருக்கிறது. பாதிக்கப்படப் போகிறவனே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் குற்றம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை காலை குழு கூடியது. மயக்க டாக்டர், ஸ்கேன் டாக்டர், ஈ.என்.டி. சர்ஜன், ஸ்பீச் தெரபிஸ்ட்.

தெரபிஸ்ட் குழுவிலேயே சின்னவள். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவள்.

“முழிச்சிருக்கும்போதே பண்ணிடலாம் சீஃப். நான் பக்கத்துல உக்காந்து படம் காட்டறேன், அவர் பேர் சொல்லட்டும். எந்த இடத்தைத் தொட்டா பேச்சு நிக்குதோ அந்த இடத்தை விட்டுடலாம். அதுக்கு முன்னாடி, பேச்சு எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு ஸ்கேன்...”

“வேண்டாம். வீக்கம் ஏறிட்டே இருக்கு. முழு மயக்கம்தான். நாளைக்குக் காலையில முதல் கேஸ்.”

“ஒரு மணி நேரம்தான் ஆகும் சீஃப்.”

“படம் காட்டி விளையாட இது நர்சரி ஸ்கூல் இல்லம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். சீஃப் சொன்னால் சிரித்துத்தானே ஆக வேண்டும். அவள் மட்டும் நோட்டை மூடி வைத்தாள்.

மத்தியானம் சீஃபே வார்டுக்கு வந்தார். டிரைவரின் மனைவி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். பேச்சுக்குக் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது, ஆனால் உயிர் முக்கியம் என்று அவளுக்கு இதமாக எடுத்துச் சொன்னார். அவள் அழுதாள். இவர் எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள்.

டிரைவரின் வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்றொரு கையால் பத்திரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து முத்து முத்தாக விழுந்தது. சீஃப் பார்க்கவில்லை. அவர் கண் ஸ்கேன் மேலேயே இருந்தது.

“சார்... என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம்,” என்றார் டிரைவர். “பேரப்புள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அது போதும் சார் எனக்கு.”

“நான் இருக்கேன்ல,” என்று சீஃப் தோளைத் தட்டினார்.

வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். டிரைவருக்கு அவசர ஆபரேஷன், சனிக்கிழமை நீங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அந்த ஊமை வாயைப் போலீஸ் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

வெள்ளிக்கிழமை. கட்டி ஒழுங்காக வெளியே வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

சீஃப் நிறுத்தவில்லை. கட்டி பரவியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி, உறிஞ்சு குழாயை இன்னும் உள்ளே கொண்டுபோனார். ஒரு சென்டிமீட்டர்... இரண்டு... மூன்று. மயக்க டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். உள்ளே ஒரு மனிதரின் பாதி வாழ்க்கை பாட்டிலில் சொட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஐ.சி.யு.வில், தொண்டைக் குழாயை எடுத்த கையோடு, சீஃப் டிரைவரின் கண்ணுக்கு முன்னால் பேனாவை நீட்டினார். இது என்ன என்று கேட்டார். டிரைவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

அந்த நிமிஷம் சீஃபுக்கு எத்தனை சந்தோஷம்! பேனாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு, வெளியே டிரைவரின் மனைவியிடம் போனார். செய்தியைச் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நிலையிலும் அவருக்கு நன்றி சொன்னாள்.

அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சீஃப் அவரைத் தானே ஐ.சி.யு.வுக்கு அழைத்துப் போனார். பாவம், அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் வராது என்று வழியிலேயே வருத்தப்பட்டுக்கொண்டார்.

கட்டில் பக்கத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார்,” என்றார் டிரைவர்.

சீஃப் கட்டிலுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டார்.

“நேத்து மயக்கம் தெளியலை சார். தொண்டை வேற புண்ணு. நீங்க பேனாவைக் காட்டினப்போ வாய்ல வரலை. மன்னிச்சுக்கங்க.” குரல் கரகரத்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. “வலது கைதான் சுத்தமா தூக்க வரலை. இனிமே வண்டி ஓட்ட முடியாது போலிருக்கு. போகட்டும் சார், பேச்சைக் காப்பாத்திக் குடுத்தீங்களே.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திங்கட்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

“சார்கூடத்தான். சார் எவ்வளவு பாசக்காரர்னு உங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு ஆபரேஷனுக்கு நடுவுலகூட, அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன்னு வீட்டுக்கு வந்தாரு. பன்னெண்டு மணிக்கு, பின்பக்க கேட்ல இறக்கிவிட்டேன். இருபது நிமிஷத்துல திரும்பிட்டாரு. அம்மாவைக் கடைசியா பாக்க அவருக்குக் குடுத்து வச்சிருந்தது.”

இன்ஸ்பெக்டர் அதை வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். “வீட்டுக்குப் போனதையே நீங்க சொல்லலையே, டாக்டர்?”

சீஃப் தெரபிஸ்டைப் பார்த்தார். அவரையும் அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

“எப்படிப் பேசறான்? இடது பக்கம் எல்லாத்தையும் எடுத்தாச்சே!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஏன் எடுத்தீங்கன்னு அப்புறம் கமிட்டியில சொல்லுங்க, சீஃப்,” என்றாள் அவள். குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். “இவருக்குப் பேச்சு வலது பக்கம் இருக்கு. இடது கைக்காரங்கள்ல சில பேருக்கு அப்படி. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஒரு மணி நேர ஸ்கேன். காப்பாத்தறதுக்கு மட்டும்தான் அது வேணும்னு நினைச்சுட்டீங்க. அழிக்கறதுக்கும் இடம் தெரியணும்.”

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நீட்டிய வாக்குமூலத்தின் அடியில், பழகிய இடது கையால் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். உயிரில்லாத வலது கை போர்வை மேல் கிடந்தது.

“சாருக்கு ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டார்.

தெரபிஸ்ட் அவருடைய தலையணையைச் சரி செய்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றது. சீஃப் பழக்க தோஷத்தில், யாராவது கதவைத் திறக்கட்டும் என்று பின் சீட்டுப் பக்கம் போய் நின்றார்.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“எட்டு வருஷம் தினமும் உங்களுக்குக் கதவு திறந்து விட்டிருக்காரு அந்த மனுஷன். இப்ப நான் திறந்து விட்டிருக்கேன். எந்தக் கையாலன்னு இந்தத் தடவையாவது பாத்துக்கங்க, சீஃப்!”