கடலைச் சுருளில் போன கடிதங்கள்

சூசைப்பிள்ளை எழுதிய இருபத்திரண்டு தாள் கடிதங்களின் விலை ஆறு ரூபாய். கிலோ அறுபது ரூபாய்ப்படி நூறு கிராம். கொஞ்சம் பேரம் பேசியிருந்தால் ஐந்து ரூபாய்க்கே முடிந்திருக்கும்.

விற்றவர் ஜெயரூபினி அக்கா. அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளோடு கடிதக் கட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் கடலைக் கடை வைத்திருக்கும் ஜெமீல். அந்தத் தாள்களைச் சுருட்டிக் கடலை நிரப்பியவள் அவருடைய மகள் ஷமீலா. வயது பத்து. அவள் சுருட்டினால் சுருள் பெரிதாகத் தெரியும், கடலை குறைவாகப் பிடிக்கும். அந்தத் திறமையில் வாப்பாவுக்கே பெருமை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயரூபினியின் மாமனார் யாகப்பு ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“தம்பி ஜெமீல், மருமகள் தந்த பேப்பர் கட்டு எங்கை?”

“பாதி வித்தாச்சு ஐயா.”

“பேப்பரையோ?”

“கடலையை. பேப்பரும் அதோடை போயிட்டுது.”

ஐயா அப்படியே கடை முன்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

“அது என்னைப் பெத்த அப்பு சூசைப்பிள்ளை எழுதினது பிள்ளை,” என்று ஷமீலாவிடம் சொன்னார். “ரெண்டாம் உலகப் போர் நேரம், பத்தொன்பது வயசிலை பட்டாளத்திலை சேர்ந்தவர். குளிர் மலையிலை, தியத்தலாவை முகாமிலை பயிற்சி. அங்கையிருந்து தன்ரை அம்மாவுக்கு எழுதின கடிதங்கள். நாங்கள் இடம்பெயர்ந்து போகேக்கை வீடு, வள்ளம், அவரின்ரை படம் எல்லாம் போச்சு. இடுப்பிலை கட்டியிருந்தபடியால் இது மட்டும் தப்பினது.”

ஷமீலா மிச்சக் கட்டைப் புரட்டினாள். ஒன்பது தாள்தான் இருந்தது. பதின்மூன்று ஊருக்குள் போய்விட்டது. பதின்மூன்றையும் சுருட்டியது அவள் கைதான். அவளுக்குக் காது சுட்டது.

“நான் தேடி எடுத்துத் தாறன் ஐயா,” என்றாள்.

ஒரு மட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டாள்: ‘பழைய சுருள் தாள் கொண்டு வந்தால் ஒரு சுருள் கடலை இலவசம்.’

அரை மணித்தியாலத்தில் வரிசை கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பெடியன் றொமேஸ் கணக்குக் கொப்பி முழுவதையும் கிழித்துக்கொண்டு வந்தான். ஒருவர் கரண்ட் பில்லை நீட்டினார். றொமேஸின் கூட்டாளி மெல்ரொன் தன் தவணைப் பரீட்சை அறிக்கையைக் கொண்டு வந்தான். அது வீட்டில் இருப்பதைவிடக் கடலைக் கடையில் இருப்பது அவனுக்கு நல்லதாம்.

மூன்று கிலோ கடலை போனது. கடிதத்தில் ஒரு தாள்கூட வரவில்லை.

“மகள், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் என்னையும் சுருட்டிக் குடுத்திடுவாய்,” என்று ஜெமீல் மட்டையைக் கழற்றினார்.

அப்போது புதுக்குடியிருப்பு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் செல்வராசா குதித்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். அவர் கையில் எண்ணெய் பட்ட ஒரு தாள்.

“தங்கச்சி, இதின்ரை மிச்சம் எங்கை?”

“எதின்ரை மிச்சம் அண்ணை?”

செல்வராசா வாசித்தார். “‘அம்மா, இங்கே கட்டளை எல்லாம் இங்கிலீசில். எனக்கு விளங்காது. முன்னால் நிற்பவன் திரும்பினால் நானும் திரும்புவேன். நேற்று அவன் இடப்பக்கம் திரும்பி நடந்தான். நானும் நடந்தேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நடந்தார்கள். அவன் கக்கூசுக்குப் போயிருக்கிறான். சார்ஜன்ட் ஓடிவந்து...’ இதோடை தாள் முடிஞ்சுது. சார்ஜன்ட் என்ன செய்தவன்?”

ஷமீலா கையை நீட்டினாள். “தாளைத் தாங்கோ, சொல்லுறன்.”

“முதலிலை சொல்லு, தாறன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தார்கள்.

“பஸ்ஸிலை இன்னும் நாலு பேரிட்டை இப்பிடித் தாள் இருக்கு,” என்றார் செல்வராசா. “ஒருத்தரும் எறியேல்லை. முடிவு தெரியாமல் எல்லாருக்கும் தலை வெடிக்குது.”

ஷமீலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தச் சாமானுக்குக் கடலை விலையல்ல, கதையின் முடிவுதான் விலை.

“அண்ணை, நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு யாகப்பு ஐயா இங்கை முழுக்கதையும் வாசிப்பார். காசு வேண்டாம். தாள் வைச்சிருக்கிற ஆக்கள் அதைக் கொண்டு வந்தால் முன் வாங்கிலை இருக்கலாம்.”

“தாள் இல்லாத ஆக்கள்?”

“பின்னுக்கு நிக்கலாம்.”

செல்வராசா அதை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் டிக்கெட்டோடு சேர்த்துச் சொன்னார்.

ஞாயிறு நாலு மணிக்குப் பஸ் நிலையம் நிரம்பிவிட்டது. மீன் விற்கும் சிவனேஸ்வரி அக்கா தாளை நான்காக மடித்துக் காசுப் பையில் கொண்டு வந்திருந்தார். பன்னிரண்டு தாள் வந்து சேர்ந்தது, ஒன்று மட்டும் வரவில்லை. ஐயா இலக்கப்படி அடுக்கிவிட்டு, கதிரையில் உட்கார்ந்து வாசித்தார்.

‘அம்மா, இங்கே குளிரே இல்லை. ஓடுகிற ரயிலில் இருந்து எழுதுவதால்தான் எழுத்து நடுங்குகிறது.’

“முகாமுக்குள்ளை எங்காலை ரயில்?” என்றார் சிவனேஸ்வரி அக்கா. “பெடியன் தாய்க்குப் பொய் சொல்லுறான்.” சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

சார்ஜன்ட் பதினொரு பேரையும் கக்கூஸ் கழுவ வைத்தான் என்றதும் செல்வராசா கைதட்டினார். பிறகு பார்சல் கடிதம் வந்தது. அம்மா கருவாடு அனுப்பியிருந்தார். இரண்டு நாளாக முகாமில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று எலி தேடினார்கள். கடைசியில் வெள்ளைக்காரப் பெரிய துரை வந்து சூசைப்பிள்ளையின் கட்டிலடியில் நின்றார். ‘பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன்...’

ஐயா அடுத்த தாளைத் தேடினார். வராதது பதினேழாம் தாள்.

கூட்டத்தின் பின்னால் இருந்து மெல்ரொன் மெல்ல வந்தான். அவன் விரல்களுக்கிடையில் ஒரு தாளின் மூலை மட்டும் இருந்தது.

“எங்கடை ஆடு...” என்றான்.

மூலையை ஐயாவிடம் நீட்டினான்.

“அப்ப ஆட்டுக்கு முடிவு தெரியும்,” என்றார் செல்வராசா.

ஷமீலா ஐயாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அந்த மூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஐயா, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?”

“இதை எத்தினை தரம் வாசிச்சிருப்பன் பிள்ளை.”

ஷமீலா ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் எடுத்து, வாங்கில் குந்தினாள். “அப்ப ஆறுதலா, மெல்ல மெல்லச் சொல்லுங்கோ.”

ஐயா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “‘துரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். நாங்கள் முப்பது பேரும் இரண்டு மணித்தியாலம் வெளியே குளிரில் நின்றோம். பின்னேரம் துரை தனியாக வந்து, இதை எப்படிச் சமைப்பது என்று இரகசியமாகக் கேட்டார். அம்மா, அடுத்த முறை இரண்டு பார்சல் அனுப்புங்கோ. ஒன்று துரைக்கு.’”

பஸ் நிலையமே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஷமீலா கடைசிச் சொல்லை எழுதி, மை காய ஊதி, பதினேழு என்று இலக்கம் போட்டு நீட்டினாள்.

சூசைப்பிள்ளையின் கையெழுத்தில் இருபத்தொரு தாள், ஷமீலாவின் கையெழுத்தில் ஒன்று. ஆக இருபத்திரண்டு, சரி. குறைந்துபோன மூன்று கிலோ கடலையை மட்டும், ஜெமீல் மெல்ரொன் வீட்டு ஆட்டின் பேரில் கடனாக எழுதி வைத்தார்.